உயில், புரொபேட் வழக்குகளை மட்டும் பார்க்கும் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை: சேரலாமா?

மயிலைக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. பி.காம். முடித்துவிட்டு ஐந்து ஆண்டுகளாக ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதி வருகிறேன். பாரிமுனைப் பக்கம் உயில், புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் உறுதிசெய்து தருவது), அறக்கட்டளை ஆகியவற்றை மட்டுமே எடுத்து நடத்தும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேரும்படி அழைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. "வக்கீல் குமாஸ்தா வேலைக்கா போகிறாய்?" என்று அம்மா கேட்கிறார்.

எனக்கு இந்த வேலையின் மீது ஆர்வம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா இறந்தபோது வங்கியில் அவருடைய வைப்புத்தொகையை எடுப்பதற்காக நான்தான் அலைந்தேன். வட்டாட்சியர் தருகிற வாரிசுச் சான்றிதழும் நீதிமன்றம் தருகிற வாரிசுரிமைச் சான்றிதழும் வெவ்வேறானவை என்பதையே எட்டு மாதம் அலைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்கிற ஆளாக நாம் இருந்தால் என்ன என்று தோன்றியது.

இந்த வேலையில் அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும்? உயிலுக்கு இனிமேல் புரொபேட் கட்டாயமில்லை என்று சட்டம் மாறிவிட்டதாகச் சொல்கிறார்களே, அப்படியானால் இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தம்புச்செட்டித் தெருக்காரர் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இந்த வேலைக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. பாராலீகல் (சட்ட உதவியாளர்) என்றால் நம் ஊரில் பலரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்களைத்தான் நினைத்துக்கொள்வார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் நம்மைக் கூப்பிடும் பெயர் குமாஸ்தாதான். அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றாட வேலையைச் சொல்கிறேன். கட்சிக்காரர் உயிலைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் நிமிடத்திலிருந்து அது உங்கள் பொறுப்பு. அசல் உயிலில் பின் குத்தக்கூடாது, துளை போடக்கூடாது, பென்சிலால்கூட ஒரு கோடு இழுக்கக்கூடாது. புதிதாக ஒரு துளை இருந்தால், இதோடு வேறு தாள் சேர்த்துத் தைத்திருந்தார்களா, நடுவில் ஒரு பக்கத்தை மாற்றிவிட்டார்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குப் பதில் சொல்வது உயிலை எழுதியவர் இல்லாத இடத்தில் மிகவும் கடினம். எனவே நகல் எடுத்தவுடன் உயிலை உறையில் போட்டு, உறையின் மேல் யார், எந்தத் தேதியில், எத்தனை தாள்களாகக் கொடுத்தார் என்று எழுதிக் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இறப்புச் சான்று, வாரிசுகளின் பெயர், வயது, விலாசம், சொத்துப் பட்டியல், வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். வாரிசுகளில் யார் சம்மதப் பிரமாணம் (உயிலுக்கு ஆட்சேபமில்லை என்ற பிரமாணப் பத்திரம்) தருவார், யார் தரமாட்டார் என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். மனு தாக்கலானால் செக்‌ஷனில் ரிட்டர்ன் போடுவார்கள், அதாவது குறையைக் காட்டித் திருப்பித் தருவார்கள். குறையைச் சரிசெய்து மறுபடி கொடுத்தால் நம்பராகி ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன், அதாவது மூல மனு) என்று எண் விழும். பிறகு பேட்டா (அறிவிப்பு அனுப்புவதற்கான கட்டணம்) கட்டி வாரிசுகளுக்கு அறிவிப்பு, நாளிதழில் விளம்பரம், மாஸ்டர் கோர்ட்டில் (சாட்சியம் பதிவு செய்யும் நீதிமன்ற அதிகாரி முன்) சாட்சியம் என்று போகும். யாராவது கேவியட் (தன்னைக் கேட்காமல் புரொபேட் தரக்கூடாது என்ற ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால் ஓ.பி. என்பது டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட், அதாவது உயில் வழக்கு) ஆகிவிடும், அதன் பிறகு அது முழுமையான வழக்கு.

கணக்குப் படித்தவரான உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பகுதி கடைசியில் இருக்கிறது. புரொபேட் கையில் கிடைத்தவுடன் குடும்பத்தார் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ஆனால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 317-இன்படி, ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர்) நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும். எத்தனையோ அலுவலகங்களில் இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு குமாஸ்தா இருந்தால் அந்த அலுவலகத்தின் தரமே வேறாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உயில் வழக்கு என்பது சாட்சியைத் தேடிப் பிடிக்கிற வேலை. அதே சட்டத்தின் பிரிவு 63 கேட்பது இதுதான்: எழுதியவர் கையெழுத்துப் போட்டதைக் குறைந்தது இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அவர் முன்னிலையில் அந்த இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை மெய்ப்பிக்க முடியும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன், இதில் தவறு என்னுடையது. 1996 மார்ச்சில் தட்டச்சு செய்த இரண்டு தாள் உயில் ஒன்று எங்களிடம் வந்தது. முதல் சாட்சி இறந்துவிட்டார். இரண்டாவது சாட்சியின் பெயருக்குக் கீழே "திருவல்லிக்கேணி" என்ற ஒரே சொல்தான் இருந்தது. அவர் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர் என்று குடும்பத்தில் ஒருவர் நினைவுகூர்ந்தார். ஓய்வூதியர் சங்கத்தில் விசாரித்து, கடைசியில் ஸ்ரீரங்கத்தில் மகன் வீட்டில் இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். வயது 81. உயில் எழுதியவரின் பெயரைச் சொன்னபோது அவருக்கு நினைவு வரவில்லை. வண்ண நகலை நீட்டினேன். தன் கையெழுத்துக்குக் கீழே தேதியைத் தமிழ் எண்களில் எழுதும் வழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. அந்த எண்களின் மேல் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்றைக்கு அவர் வீட்டுக் கூடத்தில் மாவடு பரப்பியிருந்தார்கள். உட்கார இடம் இல்லாமல் ஊஞ்சலை ஒதுக்கினார்கள். அவர் முதலில் போட்டார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பிறகுதான் எனக்குப் பேனாவைக் கொடுத்தார்" என்றார். பிரிவு 63 கேட்பது அத்தனையும் அந்தப் பேச்சில் இருந்தது.

அதே வாரம் அவருடைய பிரமாணப் பத்திரத்தை நான் வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்த, உயில் எழுதியவருடைய மகளின் சம்மதப் பத்திரமும் வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம் என்று காத்திருந்தேன். ஐந்தாவது வாரத்தில் அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். மகளும் சம்மதம் தரவில்லை, கேவியட் போட்டார். இரண்டு சாட்சிகளும் இல்லாத நிலையில், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டி மெய்ப்பிக்கும் வழியில் போக வேண்டியதாயிற்று. அந்தச் சாட்சியின் மகன் வந்து அப்பாவின் தமிழ் எண்களை அடையாளம் காட்டினார். வழக்கு முடிய நான்கு ஆண்டுகள் ஆயின. அந்தப் பிரமாணப் பத்திரம் மனுவோடு இருந்திருந்தால் மகள் எதிர்க்கும் முடிவுக்கே வந்திருக்கமாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். அன்றிலிருந்து எந்த உயில் வந்தாலும் சாட்சியைத்தான் முதலில் தேடிப் போகிறேன், மற்ற தாள்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

சட்ட மாற்றம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அந்த வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 213-ஐயும் பிரிவு 57-ஐயும் சேர்த்துப் படித்தால், சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் அதிகார எல்லைக்குள்ளும் (ஏறத்தாழ அந்த இரண்டு நகரங்களுக்குள்) பழைய வங்காளப் பகுதியிலும் இந்துக்கள் எழுதும் உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றி எங்கே எழுதினாலும் அந்த உயிலுக்கும், புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாது என்றிருந்தது. கும்பகோணத்தில் எழுதிய உயிலானாலும் வீடு மயிலாப்பூரில் இருந்தால் சென்னைக்கு வந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2001-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2002-இல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் பிரிவு 213-ஐ முழுவதுமாக எடுத்துவிட்டது. ஊரையும் மதத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டிய ஒரு பிரிவு போனது நல்லது என்பதே என் கருத்து.

ஆனால் போனது கட்டாயம் மட்டும்தான். புரொபேட் கேட்கும் உரிமை இருக்கிறது, பிரிவு 63 இருக்கிறது, சாட்சி வேண்டும் என்ற விதி புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. புரொபேட் என்பது வழக்கில் இருந்தவர்களை மட்டுமல்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அது இல்லாவிட்டால் இதே உயிலைப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பாகப்பிரிவினை வழக்கில் மெய்ப்பிக்க வேண்டி வரலாம். அதற்குள் சாட்சிகள் போய்விடுவார்கள். மேலே அண்ணன் சொன்ன கதை இன்னும் பல வீடுகளில் நடக்கும் என்று அஞ்சுகிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குமாஸ்தாக்கள் உயில் எழுதிக்கொடுக்கக்கூடாது. தாள்களைத் திரட்டலாம், வரைவைத் தட்டச்சு செய்யலாம், ஆனால் "இப்படி எழுதினால் செல்லும்" என்று கட்சிக்காரருக்கு யோசனை சொல்வது வழக்கறிஞரின் வேலை. சொத்துப் பெறுகிறவரையே சாட்சியாகப் போட்டு, அந்தச் சொத்தே செல்லாமல் போன உயில்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்புச்செட்டித் தெருக்காரர் எழுதியது:

தம்பி சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன், கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு திருத்தம். சாட்சிக்கு எழுதிவைத்த சொத்து செல்லாது என்பது பிரிவு 67. அது கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். இந்துக்களின் உயிலுக்கு எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என்பதை மூன்றாவது அட்டவணையில் கொடுத்திருக்கிறார்கள்; அதில் 67 இல்லை. அதே போலத் திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் ரத்தாகிவிடும் என்பதும் இந்துக்களுக்கு இல்லை. ஆனாலும் சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஏனென்றால் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கும். சட்டப் புத்தகத்தில் பிரிவைப் படிக்கும்போது அட்டவணையையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும்.

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

அண்ணா, அட்டவணையை இப்போது எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. நான் பார்த்தவை கிறிஸ்தவக் குடும்பங்களின் உயில்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். திருத்தியதற்கு நன்றி.

வைகைக் கரை எழுதியது:

நான் மதுரையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 15 ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பக்கம் இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் ஒருபோதும் கட்டாயமாக இருந்ததில்லை. சென்னைக்காரர்கள் இப்போது வந்திருக்கும் இடத்தில் நாங்கள் எப்போதும் இருந்திருக்கிறோம், எனவே தொழில் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், சகோதரி. வேலையின் முகம் மாறும், அவ்வளவுதான்.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உயில் இல்லாமல் இறந்தவர்களின் குடும்பத்தார். முதல் சிக்கல் பெயர். இறப்புச் சான்றில் முத்துலட்சுமி, பத்திரத்தில் லெட்சுமி அம்மாள், ஆதாரில் எம். முத்துலெட்சுமி. மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் பட்டா மாறுதல் ஓராண்டு தள்ளிப் போய்விடும். நான் புதிதாக யார் வந்தாலும் எல்லாத் தாள்களிலும் உள்ள பெயர்களை எழுத்துப் பிசகாமல் ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் அம்மா. திருமணமான மகன் இறந்துபோனால் மனைவி, பிள்ளைகளோடு அவனைப் பெற்ற தாய்க்கும் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சமபங்கு உண்டு. முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் இருக்கிறார், தந்தை இல்லை. இது மருமகளுக்கும் தெரியாது, அந்தத் தாய்க்கும் தெரியாது. சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்தார், கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் மகனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் மட்டும். "பேரன் பெயருக்கு எழுதிக் கொடுக்கக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?" என்று கேட்டார். போடுவதும் போடாததும் அவர் விருப்பம். ஆனால் தனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு போட வேண்டும் அல்லவா? எங்கள் சீனியரிடம் அழைத்துச் சென்று உட்காரவைத்தேன். கடைசியில் பேரன் பெயருக்கே எழுதிக் கொடுத்தார், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு.

நீங்கள் தாத்தாவின் பணத்துக்கு அலைந்ததைச் சொன்னீர்கள். எங்கள் மேசையிலும் அதே குழப்பம்தான். வட்டாட்சியர் சான்று, இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. நீதிமன்றச் சான்று வங்கி இருப்பு, பங்கு, கடன் போன்றவற்றை வசூலிக்கும் அதிகாரத்தைத் தரும். வீட்டுக்கோ நிலத்துக்கோ அது பயன்படாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரியவர், அது உரிமையாளர் ஆவதற்கு வழியில்லை என்று 1983-இலேயே ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, நெருங்கிய உறவினர் நாமினியாக இருந்தால் காப்பீட்டுத் தொகை அவருக்கே சேரும் என்று மாற்றினார்கள். வங்கிப் பணத்துக்கு அந்த மாற்றம் இல்லை.

ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் எழுதியது:

எழும்பூர்த் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஊர் நிலைமையையும் பார்க்க வேண்டும். நான் 34 ஆண்டுகள் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருந்தேன். அங்கே உயில் எழுத வருகிற பெரியவர்களுக்கு 40 கிலோமீட்டர் போனால்தான் வழக்கறிஞர். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. பதிவு செய்தால் மூன்றாம் புத்தகத்தில் (உயில்களுக்கான பதிவேட்டில்) ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அதன் நகலை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு எவருக்கும் கொடுக்கமாட்டார்கள். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி இருக்கிறது. அதை ஏன் இவ்வளவு குறைவானவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

பதிவு செய்த உயில் என்றால் யாரும் அசைக்க முடியாது என்று மக்கள் நம்புகிறார்கள். அது சரியல்ல. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டி. பெரிய பங்கைப் பெறுகிற மகனே பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அவனே விவரம் சொல்லி எழுதவைத்தால் பதிவு முத்திரை அவனைக் காப்பாற்றாது. நான் அப்படிப்பட்ட மகன்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பெரியவரோடு தனியாகப் பேசுவேன். பாதிப் பேர் அப்போதுதான் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். சாட்சிகள் உயிலை எழுதுபவரைவிட இளையவர்களாக இருக்க வேண்டும் என்பதையும் விடாமல் வலியுறுத்துவேன். எழுபது வயதுக்காரர் தன் எழுபது வயது நண்பரைத்தான் அழைத்து வருவார். அது இயல்பு, ஆனால் நல்லதல்ல.

மயிலைக் கணக்கர் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தமிழ் எண்களைப் பற்றிப் படித்ததும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இப்போது அவர் வேண்டாம் என்று சொல்வதில்லை. இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. துக்கத்தில் வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது? சம்பளமாக 18,000 ரூபாய் சொல்கிறார்கள், இப்போது வாங்குவதைவிட 4,000 குறைவு, இது பின்னால் உயருமா?

தம்புச்செட்டித் தெருக்காரர் எழுதியது:

சம்பளத்தை முதலில் சொல்கிறேன். மெதுவாகத்தான் உயரும். இரண்டு ஆண்டுகளில் பிரிவு 317 கணக்குகளை நீங்களே தயாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், அலுவலகம் உங்களை விட மனம் வராமல் கேட்டதைக் கொடுக்கும். அந்த நிலை வரும் வரை குடும்பம் தாங்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆர்வத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

துக்கத்தில் வருகிறவர்கள் முதல் நாள் சட்டம் கேட்க வருவதில்லை. இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். பேசவிடுங்கள். அந்தப் பேச்சிலேயே உங்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும்: எந்த வங்கி, எந்த ஊர் நிலம், எந்தத் தம்பியோடு பேச்சு இல்லை, எந்த நண்பர் தினமும் மாலையில் வருவார். அந்த நண்பர்தான் பெரும்பாலும் சாட்சி. படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தால் இவை ஒன்றும் வராது.

கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக்கூடாது என்ற விதி, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 127-ஆம் பிரிவிலேயே குமாஸ்தாவையும் கட்டியது. இப்போதைய சட்டத்திலும் அது தொடர்கிறது. சட்டம் நம்மைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற சில இடங்களில் அது ஒன்று. உயிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூத்த மகனும் வருவார், இளைய மருமகளும் தொலைபேசியில் அழைப்பார். எல்லோரிடமும் மரியாதையாக ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும்: சீனியரைக் கேளுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

நான் ரொறொன்ரோவில் ஒரு சட்ட அலுவலகத்தில் இதே துறையில் பணிபுரிகிறேன். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் பாராலீகல் என்பது சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற தனித் தொழில், அவர்களுக்கு உயில், மரணச் சொத்து வேலைகளைச் செய்ய அனுமதி இல்லை. அதைச் செய்வது வழக்கறிஞரின் மேற்பார்வையில் இருக்கும் லோ கிளார்க் எனப்படும் என் போன்றவர்கள்தான். முதல் 50,000 டொலருக்கு மேற்பட்ட ஒவ்வோர் 1,000 டொலருக்கும் 15 டொலர் வீதம் மாகாண வரி கணக்கிடுவதும், நியமனச் சான்றிதழ் (இங்கே புரொபேட்டுக்கு இணையானது) கிடைத்து 180 நாட்களுக்குள் சொத்து விபரப் படிவத்தை அனுப்புவதும் என் மேசையில் நடப்பவை. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது உகந்த தொழில் என்று நண்பர் சொன்னது இங்கும் உண்மை.

எங்கள் மக்களிடம் இரண்டு நாட்டுத் தாள்கள் இருக்கும். யாழ்ப்பாணத்தில் காணி உறுதி (நிலப் பத்திரம்), இங்கே வீடு. இலங்கையில் மரணசாசனம் (உயில்) என்றால் ஒரு நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சிகள் வேண்டும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். 1840-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இங்கே இரண்டு சாட்சிகளோடு எழுதிய உயில் அங்கேயும் செல்லும் என்று நினைத்துக்கொண்டு பலர் காணியையும் இதிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுச் சொத்துக்கும் அந்தந்த நாட்டு வழக்கறிஞரைக் கேளுங்கள் என்று சொல்வதற்கே நான் ஒவ்வொரு நாளும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் வேலைக்குச் சேரும் தங்கைக்கும் இப்படிப்பட்ட கோப்புகள் வரும். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடமிருந்து போகும் பத்திரங்கள் அதில்தான் வீணாகின்றன.

எழும்பூர் வழக்கறிஞர் எழுதியது:

அறக்கட்டளையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைக்குத்தான். பொது அறங்களுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92-இன் கீழ் திட்ட வழக்கு (அறத்தை நிர்வகிக்கத் திட்டம் வகுக்கக் கோரும் வழக்கு), கோயில் கட்டளைகளுக்கு 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் என்று பாதைகள் பிரியும். எந்தக் கோப்பு எந்தப் பாதை என்பதை மூலப் பத்திரத்தின் சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். அவர் அறங்களுக்காக விட்டுச் சென்ற பணத்திலிருந்து பள்ளிக்கூடம் 1842-இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பெரும் பகுதி உயிலைப் பற்றிய சண்டையில் போனது. அந்தப் பணம் எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று அந்நாளில் கணக்கை நோண்டி எடுத்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களில் எத்தனை பேர் பெயர் தெரியாத குமாஸ்தாக்களோ!

மயிலைக் கணக்கர் எழுதியது (ஏழு வாரங்களுக்குப் பிறகு):

வணக்கம். நான் சேர்ந்துவிட்டேன். முதல் ரிட்டர்னும் வந்துவிட்டது. எங்கள் சீனியர் நாளைதான் ஊரிலிருந்து வருகிறார், அதற்குள் நான் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். பெயர், விவரம் எதுவும் சொல்லவில்லை. உயிலின் இரண்டாம் பக்கத்தில் வீட்டுக் கதவு எண் 14 என்பதை வேறு மையால் 41 என்று திருத்தியிருக்கிறார்கள். அருகில் யாருடைய கையெழுத்தும் இல்லை. விளக்கம் கேட்டுத் திருப்பியிருக்கிறார்கள்.

தம்புச்செட்டித் தெருக்காரர் எழுதியது:

வாழ்த்துகள் அம்மா. இது பிரிவு 71. உயில் எழுதிக் கையெழுத்தான பிறகு செய்த திருத்தம், அதன் அருகில் எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்திட்டிருந்தால்தான் செல்லும். இல்லையென்றால் பழைய எழுத்து படிக்க முடிகிற வரையில் அதுவே நிற்கும். ஆகவே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: திருத்தம் கையெழுத்துக்கு முன்பா, பின்பா? பதிவான உயிலாக இருந்தால் மூன்றாம் புத்தகத்து நகலுக்கு விண்ணப்பித்து, அதில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பதிவாகாததாக இருந்தால் உயில் எழுதியவரின் வீட்டில் தட்டச்சு நகல் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்து, சொத்து வரி ரசீதையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து உண்மையான கதவு எண் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மாநகராட்சி மறு எண் கொடுத்த தெருவாகவும் இருக்கலாம், பழைய ரசீது ஒன்றையும் தேடுங்கள். எண் தவறாகவே இருந்தாலும் தெருப் பெயர், எல்லைகள், சர்வே எண் ஆகியவற்றால் அதே வீடுதான் என்று தெரிந்தால் தவறான விவரத்தை ஒதுக்கிவிட்டு மீதியை ஏற்கலாம் என்று பிரிவு 78 சொல்கிறது. எனவே குடும்பத்தாரைப் பயமுறுத்த வேண்டாம். இந்த இரண்டு பிரிவுகளும் மூன்றாவது அட்டவணையில் இருக்கின்றன, இந்து உயிலுக்குப் பொருந்தும்.

இவற்றையெல்லாம் நாளைக்குச் செய்தால் போதும். இன்று சாட்சிகளில் உயிரோடு இருப்பவர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அவருடைய வீட்டுக்குப் போகிற நேரத்தை வாங்கிவிடுங்கள்.